இடுப்பில் கைத்துப்பாக்கி: அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லப் பழகுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நல்ல உறைக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் நவீன கைத்துப்பாக்கி தானாக வெடிப்பது மிக அரிது. கை படும் நேரங்களில்தான் விபத்து நடக்கிறது: உறையிலிருந்து எடுக்கும்போது, திரும்பச் செருகும்போது, கழிப்பறையில் கழற்றி வைக்கும்போது, காருக்குள் இடம் மாற்றும்போது, இரவில் தோட்டாவை இறக்கும்போது. புதிதாக எடுத்துச் செல்பவர்களை இதுவே சிக்க வைக்கிறது. பயத்தால் அடிக்கடி தொட்டுப் பார்க்கிறார்கள், சரி செய்கிறார்கள், கழற்றி மாட்டுகிறார்கள். எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு. கீழே வருகிற எல்லாம், உறை வாங்குவது முதல் காரில் பூட்டுவது வரை, அந்த ஒரு நோக்கத்துக்குத்தான்.

முதலில் சட்டம், அதிலும் முதலில் விசா

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அதை நம்பி இடுப்பில் செருகுவதற்கு முன் குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம், எடுத்துச் செல்லலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களை நாடு கடத்தவும் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் அபராதத்தோடு தப்பிக்கிற தவறு, நம்மில் ஒருவருக்கு வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிடும். கஞ்சா இன்னொரு கண்ணி. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி கிடைத்தாலும், அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். தமிழர்கள் நிறைய வசிக்கும் டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்.டி.சி. எனப்படும் உரிமத்தை வாங்கிவிடுங்கள். கட்டணம் 40 டாலர், வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. உரிமம் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது என்ன? பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற கூட்டாட்சிச் சட்டம், அதே மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு தருகிறது. உரிமம் இல்லாமல் காரில் ஊரைச் சுற்றி வருபவர் ஒரு நாளில் அந்த எல்லையைப் பலமுறை கடந்துவிடுவார். வேறு பல மாநிலங்களும் டெக்சாஸ் உரிமத்தை ஏற்கின்றன.

கலிஃபோர்னியா, நியூ யார்க், இல்லினாய் ஆகியவை வெளி மாநில உரிமங்களை ஏற்பதில்லை. காரில் நீண்ட பயணம் போகும் முன் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் அந்தந்த அரசின் தளத்திலேயே பாருங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை பற்றிய புரூயன் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு பல மாநிலங்கள் சட்டத்தையே திருத்தி எழுதின.

டெக்சாஸ் கடை வாசலில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால், உரிமம் வைத்திருப்பவரும் மறைத்துக் கொண்டுகூட உள்ளே போகக் கூடாது. 30.07 வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வதைத் தடுப்பது. சிவப்பில் 51% என்று போட்ட பலகை, மது விற்பனையே பிரதானமான இடத்தைக் குறிக்கும். அங்கே துப்பாக்கி கூடவே கூடாது. தபால் அலுவலகம், கூட்டாட்சி அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், வாக்குச்சாவடி, பள்ளி, விமான நிலையத்தில் சோதனையைத் தாண்டிய பகுதி எல்லாம் தடை செய்யப்பட்ட இடங்களே.

துப்பாக்கி: உங்கள் கைக்குப் பொருந்துவது போதும்

தோட்டா அளவில் 9 எம்எம் போதுமானது. க்ளாக் 19, க்ளாக் 43எக்ஸ், சிக் பி365, ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஆகிய நான்கில் எதை எடுத்தாலும் உறை, மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), உதிரி எல்லாம் எளிதாகக் கிடைக்கும். மிகச் சிறிய துப்பாக்கி எடுத்துச் செல்லச் சுகம், சுடக் கஷ்டம். அதிர்வு கையைப் பிடுங்கும், அதனால் பயிற்சி செய்யவே மனம் வராது. வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) மூன்று நான்கைச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதுகாப்புக்கு, முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா. அது உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும், பின்னால் நிற்பவரைத் துளைக்கும் வாய்ப்பு குறையும். வாங்கிய தோட்டா உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று குறைந்தது இரண்டு பெட்டியாவது சுட்டுப் பார்த்த பிறகே இடுப்பில் வையுங்கள். சில மாநிலங்களில் தோட்டா வகைக்கும் மேகசின் கொள்ளளவுக்கும் கட்டுப்பாடு உண்டு.

உறையும் பெல்ட்டும்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

புதியவர்கள் துப்பாக்கிக்கு 600 டாலர் கொடுத்துவிட்டு உறையில் 15 டாலருக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். விபத்துக்கு வழி அங்கேதான் திறக்கிறது. நல்ல உறையில் பார்க்க வேண்டியவை:

- விசையை (ட்ரிகரை) சுற்றியுள்ள கூண்டு முழுவதும் கெட்டியான பொருளால் மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் விசை அசையவே கூடாது.
- உங்கள் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்தது வேண்டும். விளக்கு பொருத்தியிருந்தால் அந்த விளக்கோடு சேர்த்து வார்த்தது. "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" துணி உறையைத் தொடாதீர்கள்.
- துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். தொய்ந்து மடியும் பழைய தோல் உறையின் விளிம்பு, திரும்பச் செருகும்போது விசைக்குள் புகுந்து அழுத்திய விபத்துகள் நடந்திருக்கின்றன.
- காலி துப்பாக்கியோடு தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக் கூடாது.
- கிளிப் பெல்ட்டைக் கெட்டியாகக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் உருவும்போது உறையும் சேர்ந்தே வந்துவிடும்.

கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தவை 60 முதல் 120 டாலருக்குள் கிடைக்கின்றன. கூடவே இதற்கென்றே செய்த, முறுக்கினாலும் மடியாத ஒன்றரை அங்குல பெல்ட். சாதாரண பெல்ட்டில் கைப்பிடி வெளிப்பக்கம் சாய்ந்து சட்டையைத் தூக்கிக் காட்டும். நீங்களும் நாள் முழுக்க அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

இடம் இரண்டு. பேன்ட்டுக்குள் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் திசையில் வைப்பது புதியவர்களுக்கு எளிது. குனிந்தால் கைப்பிடி துருத்தும். தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், முன்னால் வைப்பது நன்றாக மறையும், கண்ணெதிரே இருக்கும், கைக்கு எட்டும். ஆனால் குழல் தொடையையும் அடிவயிற்றையும் நோக்கி நிற்கும். திரும்பச் செருகுவதில் கை பழகும் வரை முன்பக்கம் வேண்டாம். இடதுகைக்காரர்கள் திசையை மாற்றிப் படிக்கவும்.

கைப்பை, முதுகுப்பை வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு வால்மார்ட் கடையில் இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள்ளிருந்த துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்துத் தாய் இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு செய்யப்பட்டது. உடலை விட்டு விலகும் எந்தப் பையும் ஒரு நொடியில் வேறொருவர் கைக்குப் போகலாம்.

உடை விஷயம் சுருக்கம்தான்: இடுப்பில் ஒரு அங்குலம் பெரிய பேன்ட், கட்டம் போட்ட அல்லது அடர் நிறச் சட்டை. வேட்டியிலும் சேலையிலும் உறை நிற்காது. அந்த நாட்களில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

நான்கு விதிகள்

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த இந்த நான்கும் அமெரிக்கப் பயிற்சி வகுப்புகளின் அடிப்படை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினையுங்கள். அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் திரும்பக் கூடாது. குறி வைக்கும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மீறினாலும் மற்றவை உயிரைக் காப்பாற்றும். இரண்டை ஒரே நேரத்தில் மீறும்போதுதான் ஆள் விழுகிறார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை நழுவித் துப்பாக்கி கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். இன்றைய நல்ல துப்பாக்கிகள் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. பாய்ந்து பிடிக்கும் விரல் விசைக்குள் நுழைவதே ஆபத்து.

வீட்டுக்குள் பழகும் காலம்

"சேம்பரில் தோட்டாவோடு இடுப்பில் வைக்கப் பயமாக இருக்கிறது" என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள். சேம்பர் என்பது குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை. அந்தப் பயம் நியாயமானது. தைரியம் சொல்லி அதைப் போக்க முடியாது, கண்ணால் பார்த்துத் தெளிந்தால் போகும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்யுங்கள்:

1. மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பக்கம் முன்பின் நகரும் பகுதியை) மூன்று முறை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதியுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள்.
2. ஸ்லைடை இன்னொரு முறை முழுக்க இழுத்து விடுங்கள். உள்ளே ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் பின்புறத்தை இடித்து வெடிக்க வைக்கும் ஊசி) தயார் நிலைக்கு வந்துவிடும். க்ளாக்கில் விசை முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.
3. விசையைத் தொடாமல் உறையில் செருகி, உறையோடு இடுப்பில் மாட்டுங்கள்.
4. அன்றாட வேலை எல்லாம் செய்யுங்கள். குனிந்து பாத்திரம் எடுங்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மாடிப்படி ஏறுங்கள், சோபாவில் சாயுங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போடுங்கள்.
5. இரவில் உறையோடு கழற்றி, துப்பாக்கியை எடுத்து விசையைப் பாருங்கள். முன்னாலேயே நின்றால் நாள் முழுக்க எதுவும் அதை அழுத்தவில்லை. பின்னால் ஒட்டிக் கிடந்தால் ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது. அந்த உறையைத் தூக்கி எறியுங்கள்.

இந்தச் சோதனை க்ளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகைக்கே பொருந்தும். வேறு மாடல்களில் விசையின் நிலை வேறுபடலாம், கையேட்டைப் பாருங்கள். பத்துப் பதினைந்து இரவுகள் விசை அசையாமல் நிற்பதைப் பார்த்தவருக்கு, பயிற்சியாளர் ஆயிரம் சொன்னாலும் வராத நம்பிக்கை தானாக வரும். எங்கே குத்துகிறது, எந்தச் சட்டை தூக்குகிறது, எப்போது கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போகிறது என்பதும் இந்த நாட்களில் தெரிந்துவிடும். வெளியே போகும்போது காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் கைதான், சட்டைக்கு மேல் தெரியும் சிறு புடைப்பை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்த ஒரு வாரம், நிரம்பிய மேகசினோடு, சேம்பர் காலியாக, வீட்டுக்குள். பிறகு ரேஞ்சில் பயிற்சியாளரின் முன்னால் சேம்பரில் தோட்டாவோடு எடுத்துச் செருகிப் பழகிவிட்டு, அதன்பின் வெளியே. காலி சேம்பரோடேயே காலம் தள்ளுபவர்களும் உண்டு. அவசரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கை குழந்தையைப் பிடித்திருந்தால் துப்பாக்கி பயன்படாது. அந்த நிலையில் நின்றுவிடுவதைவிட நல்ல உறையும் நல்ல பழக்கமும் சிறந்தவை.

திரும்பச் செருகுவதே மிக ஆபத்தான நொடி

உருவுவதில் வேகம் வேண்டியிருக்கலாம். செருகுவதில் ஒருபோதும் வேண்டாம். விரலை ஸ்லைடின் பக்கவாட்டில் உயரமாக ஒட்டுங்கள். இடது கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடியுங்கள். குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள். சட்டை நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு, அதன் நுனியில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழ் எதுவும் வாயில் இருக்கக் கூடாது. அந்தக் குமிழ் விசைக்குள் சிக்கினால், உறைக்குள் தள்ளும் உங்கள் கையே சுட்டுவிடும். இழுகயிறுகளை வெட்டிவிடுங்கள். முன்பக்க உறையாக இருந்தால் இடுப்பை முன்னே தள்ளி, மேலுடலைப் பின்னால் சாய்த்துச் செருகுங்கள், குழல் உடலை விட்டு விலகும். கட்டைவிரலை ஸ்லைடின் பின்புறத்தில் வைத்து மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தடுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள்.

இதையும் தவிர்க்க வழி உண்டு. உறையை முழுக்கக் கழற்றி, கையில் வைத்துத் துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் ஒன்றாக இடுப்பில் மாட்டுங்கள். காலையில் ஒன்றாக ஏறி, இரவில் ஒன்றாகவே இறங்கட்டும். பூட்டுப் பெட்டிக்குள்ளும் உறையோடே போகட்டும்.

தினமும் தோட்டாவை இறக்கி ஏற்றுவது இரண்டு விதத்தில் கெடுதல். கை படும் தடவை கூடுகிறது. ஒரே தோட்டாவைப் பலமுறை சேம்பரில் ஏற்றினால் முனை பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அப்படி அமுங்கியதைச் சுட்டால் அழுத்தம் அபாயகரமாக ஏறி துப்பாக்கியையே உடைக்கலாம். பக்கத்தில் புதுத் தோட்டாவை நிறுத்தி உயரம் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அதைச் சுடாமல் ரேஞ்சில் ஒப்படைத்துவிடுங்கள்.

இறக்கியே ஆக வேண்டுமானால் வரிசை மாறவே கூடாது: மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு. ஸ்லைடை முதலில் இழுத்தால் பழைய தோட்டா வெளியே குதிக்கும், மேகசினிலிருந்து புதியது சேம்பருக்குள் ஏறிவிடும். பார்ப்பவர் காலி என்று நம்பிவிடுவார். க்ளாக்கைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை இழுக்க வேண்டியிருப்பதால், இந்த வரிசையை மாற்றியவர்கள் தங்கள் உள்ளங்கையையே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே: சிக்கும் இடங்கள்

பொதுக் கழிப்பறை, துப்பாக்கியை எளிதில் மறந்துவிட்டுப் போகும் இடம். கொக்கியில் மாட்டாதீர்கள், தண்ணீர்த் தொட்டி மேலும் காகிதப் பெட்டி மேலும் வைக்காதீர்கள். உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். பேன்ட்டை முழங்காலுக்குக் கீழே இறக்காமல் பெல்ட்டை மறுபடி மாட்டி இறுக்கிப் பிடித்தால் உறையும் துப்பாக்கியும் அங்கேயே நிற்கும். கணுக்கால்வரை இறக்கினால் தடுப்புக்கு அடியில் பக்கத்து ஆளுக்குத் தெரியும்.

கோயிலில், பலகை தடுக்காத இடமாகவே இருந்தாலும், சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடும்போது முதுகுப்பக்கச் சட்டை ஏறிவிடும். பந்தியில் தரையில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். நெருக்கியடிக்கும் விசேஷங்களுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதே மேல். கட்டிப்பிடிக்க ஓடிவரும் குழந்தைகளின் கை சரியாக இடுப்பு உயரத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தடை செய்யப்பட்ட இடத்துக்குப் போவதற்காகக் காரிலேயே விட வேண்டி வந்தால், இருக்கைக்கு அடியில் எஃகுக் கம்பியால் கட்டிய பூட்டுப் பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறை போதாது. திருடன் முதலில் திறப்பதே அதைத்தான். வாகன நிறுத்தத்தில் ஆட்கள் பார்க்க எடுத்துக் கழற்றாதீர்கள். வருமுன்னரே, உறையோடு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

மது ஒரு கோப்பை என்றாலும் அன்று துப்பாக்கி வேண்டாம். டெக்சாஸில் போதையோடு எடுத்துச் செல்வது குற்றம்.

விமானம். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன; 93 சதவீதம் தோட்டா நிரம்பியவை. அபராதம் பல ஆயிரம் டாலர் வரை போகலாம். கொண்டுபோக வேண்டுமானால் தோட்டா இறக்கி, கெட்டிப் பெட்டியில் பூட்டி, கவுன்டரில் அறிவித்து, செக்-இன் பெட்டியில் மட்டுமே அனுப்பலாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ரேஞ்சுக்குக் கொண்டுபோன பைதான். அதன் ஏதோ ஒரு மடிப்பில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகி விடுமுறை முழுக்க நீதிமன்றத்தில் போகும். ரேஞ்சுப் பை வேறு, பயணப் பை வேறு. இரண்டும் ஒருநாளும் கலக்கக் கூடாது.

போலீஸ் காரை நிறுத்தினால்: உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள், உரிமத்தைத் தேடி இடுப்புப் பக்கம் கை போகக் கூடாது. மிச்சிகன் போன்ற மாநிலங்களில் உடனே தெரிவிப்பது கட்டாயம். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டும். "எனக்கு மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் இருக்கிறது, இப்போது வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?" என்று நிதானமாகச் சொல்லுங்கள். "கன்" என்ற சொல்லோடு வாயைத் திறக்க வேண்டாம். அவர் சொன்னதை மட்டும், மெதுவாகச் செய்யுங்கள்.

வாகன நிறுத்தச் சண்டை, சாலையில் முந்தும் சண்டை, வாய்த் தகராறு எதிலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவதுகூடக் குற்றமாகலாம். உங்களுக்கோ மற்றவருக்கோ உயிர் போகும் அல்லது கடும் காயம் ஏற்படும் ஆபத்து அந்த நொடியில் இருந்தால் மட்டுமே துப்பாக்கி வெளியே வர வேண்டும். விலகிப் போக முடியுமானால் விலகிப் போங்கள், வாக்குவாதத்தில் தோற்றுவிட்டுப் போங்கள். துப்பாக்கி எடுத்துச் செல்பவர் ஊரிலேயே பொறுமையான ஆளாக இருந்தாக வேண்டும்.

பயிற்சி

வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம், தோட்டா இல்லாமல். தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது, குறி வைக்கும் பக்கம் தோட்டாவைத் தாங்கும் சுவராக இருக்க வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் தாங்காது. முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி வேறு அறைக்குப் போங்கள். "இன்னும் ஒரு தடவை" என்று தோட்டா ஏற்றிய பிறகு இழுப்பதால்தான் தொலைக்காட்சியும் சுவரும் ஓட்டையாகின்றன. மாதம் ஒருமுறையாவது ரேஞ்ச், 50 முதல் 100 தோட்டா, கண்ணாடியும் காதுக்கவசமும். வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

வீட்டில்

இடுப்பில் இல்லாத துப்பாக்கி பூட்டுக்குள் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது. கட்டிலின் பக்கத்தில் திருகாணியால் இறுக்கிய, பொத்தான் எண்ணால் திறக்கும் எஃகுப் பெட்டி போதும். அலமாரி உச்சி, தலையணை அடி, சேலை மடிப்பு எல்லாம் குழந்தைகளுக்குத் தெரிந்த இடங்கள். கைக்கெட்டும்படி வைத்துக் குழந்தை எடுத்துவிட்டால் டெக்சாஸ் சட்டப்படி அது பெரியவரின் குற்றம். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலத்தில், அது நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்றிச் சட்டப்படி வேறிடத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-இல் எந்நேரமும் பேசலாம்.

உடலோடு ஒட்டியிருக்கும் துப்பாக்கியில் வியர்வை உப்பும் துணிப் பஞ்சும் சேரும். ஹூஸ்டன் கோடையில் ஒரு வாரத்தில் ஸ்லைடின் திருகுகளில் துரு தெரியும். வாரம் ஒருமுறை இறக்கித் துடைத்து, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். உறையின் திருகுகளும் தளரும். நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். துப்பாக்கி மேல் ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) இருந்தால் ஆண்டுக்கு ஒரு தேதி குறித்து பேட்டரியை மாற்றிவிடுங்கள்.